பழைய அடுப்படிய இடிக்காம மாத்துறது எப்படி: எங்க வீட்ல 45,000 ரூபாய்க்குள்ள செஞ்ச வேலை

எங்க வீடு திருச்சி உறையூர்ல, 1988ல தாத்தா கட்டுனது. அந்தக் காலத்து வீட்டைப் பாத்தவங்களுக்கு அடுப்படி எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம், 10க்கு 8 அடி ரூம், எல் மாதிரி கடப்பாக்கல் மேடை, மேடைக்கு மேல ரெண்டு அடி உயரத்துக்கு மட்டும் வெள்ளை டைல்ஸ், அதுக்கு மேல சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு செதில் செதிலா நிக்கிற சுவரு, கதவே இல்லாத சிமெண்ட் அலமாரி, தலைக்கு மேல பரண், கீழ மொசைக் தரை, ஒரே ஒரு ட்யூப் லைட். அம்மா கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இதே அடுப்படிலதான் நிக்கிறாங்க, 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. போன வருஷம் மாடுலர் கிச்சன் போட்டுடலாம்னு ஒரு கடைல வந்து அளவெடுக்கச் சொன்னோம், 2,80,000 ரூபாய்னு எழுதிக் கொடுத்தாங்க, பழைய மேடைய இடிச்சு அள்ளுற கூலி அதுல சேரல. அவ்ளோ பணம் எங்ககிட்ட இல்ல. சரி, இருக்குறத வச்சு என்ன பண்ண முடியும்னு நானும் அம்மாவும் உக்காந்து யோசிச்சு, மூணு வாரத்துல முடிச்சோம், செலவு 45,000க்குள்ள. எங்கள மாதிரி பழைய வீடு வச்சிருக்குறவங்களுக்கு உதவும்னு எல்லாத்தையும் எழுதுறேன்.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதுக்குக் காசே ஆகாது. ஒரு நாள் முழுக்க, காலைல காபிலேர்ந்து ராத்திரி பாத்திரம் கழுவுற வரைக்கும், சமைக்கிறவங்க பக்கத்துல நின்னு பாருங்க. நான் ஞாயித்துக்கிழமை மட்டும் சமைக்கிறவன், எனக்கு இந்த அடுப்படி நல்லாத் தெரியும்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். அன்னிக்கு நின்னு பாத்தப்பதான் தெரிஞ்சுது, ட்யூப் லைட் அம்மாவுக்கு முதுகுப் பக்கம் சுவத்துல இருக்கு, அவங்க மேடைப் பக்கம் திரும்பி நின்னா அவங்க நிழலே வெட்டுற எடத்துல விழுது, வெங்காயத்த நிழல்ல வச்சு வெட்டிட்டு, சரியா வெட்டுப்பட்டிருக்கான்னு கைய ஜன்னல் பக்கம் தூக்கிப் பாக்குறாங்க. சிங்க் ஆழம் பத்தாது, தண்ணி தெறிச்சு புடவை எப்பவும் வயித்துக்கிட்ட ஈரம். குழாய் குட்டை, இட்லிப் பானைய அதுக்கடியில வைக்க முடியாது, சொம்புல பிடிச்சுப் பிடிச்சு ஊத்தணும். மிக்சிக்கு பிளக் அடுப்படிக்குள்ளயே இல்ல, ஹாலுக்குப் போற வழியில இருக்கு. அஞ்சறைப்பெட்டி அலமாரில, அடுப்பு இந்த மூலைல, தாளிக்கிறதுக்கு நடுவுல நாலு எட்டு வச்சு போய்ட்டு வராங்க. இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டேன், கடைசி வரைக்கும் அந்த நோட்டுதான் எங்களுக்குத் திட்டம். மாடுலர்காரங்க காமிச்ச படத்துல இதுல ஒண்ணுக்குக்கூட பதில் இல்ல, கதவு கலர்தான் இருந்துச்சு.

அடுத்து பரண். எறக்குங்க, எல்லாத்தையும் எறக்குங்க. எங்க பரண்லேர்ந்து உடைஞ்ச குக்கர் மூணு, பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒண்ணு, கைப்பிடி போன தோசைக்கல்லு, ஓட்டையான அலுமினிய அண்டா, அப்புறம் பித்தளைப் பாத்திரம் ஒரு சாக்கு நிறைய எறங்குச்சு. பாட்டியோட பேர் வெட்டுன பித்தளைக் குண்டானையும் ஒரு வெங்கலப் பானையையும் அம்மா வச்சுக்கிட்டாங்க, மீதிய பாத்திரக்கடைல எடைக்குப் போட்டோம், எங்க சிங்க்குக்கும் குழாய்க்கும் ஆன செலவுல முக்கால்வாசி அதுலயே வந்துருச்சு. எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு கடைல விலை கேளுங்க, பித்தளை விலை அப்பப்ப மாறும், எடை போடறப்ப பக்கத்துலயே நில்லுங்க. ஒரு வருஷமா தொடாத சாமான் எதுவும் திரும்ப மேல ஏறக்கூடாதுன்னு பேசி வச்சுக்கிட்டோம், பொங்கல் பானை மட்டும் விதிவிலக்கு.

இப்ப முக்கியமான விஷயம், பிசுக்கு. பழைய அடுப்படி பழசாத் தெரியறதுக்குப் பாதிக் காரணம் வயசு இல்ல, தாளிச்ச புகையும் எண்ணெயும் வருஷக்கணக்கா படிஞ்சு உக்காந்த மஞ்சப் பிசுக்குதான். இத எடுக்காம மேல என்ன பண்ணுனாலும் நிக்காது. சலவை சோடா தெரியும்ல, துணி ஊறவைக்கிறது, மளிகைக் கடைல கெடைக்கும், கிலோ விலை ரொம்பக் கம்மி. ஒரு லிட்டர் நல்ல சுடுதண்ணில ஒரு கைப்பிடி சோடாவையும் கொஞ்சம் பாத்திரம் கழுவுற திரவத்தையும் கலந்து, பழைய பனியன் துணிய அதுல முக்கிப் பிழிஞ்சு டைல்ஸ் மேல அப்படியே ஒட்டி வச்சுருங்க. 15 நிமிஷம் ஊறட்டும். துணிய எடுக்குறப்ப பாருங்க, டைல்ஸ்லேர்ந்து தேன் கலர்ல வழிஞ்சு வரும், அதுக்கு அடில வெள்ளை தெரியும். எங்க வீட்ல அடுப்புக்குப் பின்னாடி இருந்த டைல்ஸ் க்ரீம் கலர்னுதான் நான் சின்ன வயசுலேர்ந்து நெனச்சிருந்தேன், துணிய எடுத்தப்ப அதுவும் மத்த டைல்ஸ் மாதிரி சுத்த வெள்ளை. அம்மா வந்து வெரலால தடவிப் பாத்துட்டு, "உங்க தாத்தா வாங்குனப்ப இப்படித்தான்டா இருந்துச்சு"ன்னாங்க.

கையுறை போட்டுக்கங்க, சோடா கைய உரிச்சிரும். அலுமினியப் பாத்திரம், அலுமினியக் கதவு மேல சோடாத்தண்ணி படவிடாதீங்க, கறுத்துப் போயிரும். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீங்க, டைல்ஸ் மேல இருக்குற பளபளப்பு கீறிப்போனா அப்புறம் அழுக்கு அதுலதான் சீக்கிரம் உக்காரும். பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷே இடுக்குக்குப் போதும். ஸ்விட்ச் போர்டு தொடைக்கிறதுன்னா மெயின ஆஃப் பண்ணிட்டு, நல்லாப் பிழிஞ்ச துணியால மட்டும் தொடைங்க. எங்களுக்கு இந்தக் கழுவுற வேலைக்கே ரெண்டு நாள் ஆச்சு, நானும் தம்பியும் மாத்தி மாத்திப் பண்ணுனோம், செலவு 200 ரூபாய்கூட வரல. சத்தியமா சொல்றேன், பட்ஜெட் சுத்தமா இல்லேன்னா இத மட்டும் பண்ணிட்டு லைட்ட மட்டும் மாத்துங்க, பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான்.

டைல்ஸ் சுத்தமானதும் நடுவுல இருக்குற கோடு கறுப்பாத் தெரியும். அந்தக் கோட்ட நெரப்புறதுக்குப் பேரு க்ரவுட், பழைய வீட்ல அது வெறும் வெள்ளை சிமெண்ட், எண்ணெய உறிஞ்சிருக்கும், கழுவுனாலும் போகாது. கடைல க்ரவுட் சுரண்டுற சின்னக் கத்தி கெடைக்குது, அதால 2, 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு சுரண்டி எடுத்து, தூசியத் தட்டி, காயவிட்டு, எப்பாக்சி க்ரவுட் (பிசின்ல செஞ்சது) நெரப்புங்க. சாதா சிமெண்ட் க்ரவுட்ட விட விலை பல மடங்கு அதிகம்தான், ஆனா எண்ணெய், மஞ்சள் எதையும் அது குடிக்காது. கலந்தவுடனே இறுக ஆரம்பிக்கும், அதனால கொஞ்சம் கொஞ்சமா கலந்து, ரெண்டு மூணு சதுர அடி முடிச்சவுடனே ஈர ஸ்பாஞ்சால தொடைச்சிருங்க, டைல்ஸ் மேல காய விட்டீங்கன்னா அப்புறம் எடுக்குறது பெரும்பாடு. நாலு டைல்ஸ் உடைஞ்சிருந்துச்சு, அதே அளவு இப்ப கெடைக்கல. அதனால அடுப்புக்கு நேர் பின்னாடி ஒரு பட்டையா பழச எடுத்துட்டு பச்சைக் கலர்ல புது டைல்ஸ் ஒரு வரிசை போட்டோம், அங்க எடுத்த நல்ல வெள்ளை டைல்ஸ உடைஞ்ச எடத்துக்கு மாத்திக்கிட்டோம். ஒட்டுப்போட்ட மாதிரி இல்லாம வேணும்னே அப்படிப் போட்ட மாதிரி ஆயிருச்சு.

ஸ்டிக்கர் பத்தி கேப்பீங்க. அலுமினியத் தாள் மாதிரி பளபளன்னு ஒட்டுற ஸ்டிக்கர் மூணு வருஷம் முன்னாடி நான்தான் வாங்கி அடுப்புக்குப் பின்னாடி ஒட்டுனேன், ஆறே மாசத்துல சூட்டுல ஓரம் தூக்கிருச்சு, அந்த இடுக்குல எண்ணெய் எறங்கி, ஒரு நாள் பிரிச்சா உள்ள கரப்பான் முட்டை. அடுப்புக்கிட்ட அது வேணவே வேணாம். வாடகை வீடுன்னா, அடுப்புலேர்ந்து தள்ளி இருக்குற சுவத்துக்கும் அலமாரித் தட்டுக்கும் வேணா ஒட்டிக்கங்க. டைல்ஸ்க்கு மேல பெயிண்ட் அடிக்கலாம்னும் சொல்லுவாங்க, அதுக்குன்னு தனி ப்ரைமரும் எப்பாக்சி பெயிண்ட்டும் இருக்கு, ஆனா தண்ணியும் சூடும் படாத எடத்துலதான் அது நெலைக்கும், அடுப்புக்குப் பின்னாடியும் சிங்க்குக்குப் பக்கத்துலயும் உரிஞ்சுதான் வரும்.

சுவரு. இதுல நாங்க ஏற்கெனவே ஒரு தடவ ஏமாந்திருக்கோம். ஒரு பொங்கலுக்கு வந்த பெயிண்டர் பிசுக்கயும் எடுக்கல, பழைய சுண்ணாம்பையும் சுரண்டல, அப்படியே மேல எமல்ஷன அடிச்சுட்டுப் போய்ட்டார், ஆடி மாசம் வர்றதுக்குள்ள சோத்துப் பானைக்கு மேல அப்பளம் மாதிரி உப்பி உரிஞ்சு விழுந்துச்சு. பழைய சுண்ணாம்புச் சுவரு தொட்டா கைல மாவு மாதிரி ஒட்டும், அந்த மாவு மேல எந்தப் பெயிண்ட்டும் பிடிக்காது. அதனால தகட்டால நல்லா சுரண்டணும், சோடாத்தண்ணில கழுவி நல்ல தண்ணியால தொடைக்கணும், ரெண்டு நாள் காயணும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், அப்புறம் ப்ரைமர். எண்ணெய்க் கறை ஆழமா எறங்கியிருக்குற எடத்துல தண்ணில கலக்குற ப்ரைமர் போட்டா கறை மஞ்சளா மேல ஊறி வரும், அங்க டர்பென்டைன் கலக்குற ப்ரைமர் கேட்டு வாங்குங்க, நாத்தம் அடிக்கும், ஜன்னல்கள தெறந்து வச்சுக்கங்க, அன்னிக்கு அந்த ரூம்ல அடுப்பு பத்த வைக்கவே கூடாது. அதுக்கு மேல பட்டி பாத்து, தேய்ச்சு, மறுபடி ப்ரைமர், அப்புறம் ரெண்டு கோட்டு எமல்ஷன். கழுவக்கூடிய, லேசா மினுமினுப்பு இருக்குற எமல்ஷனா பாத்து வாங்குங்க, மேட்டா இருக்குறது அடுப்படிக்கு ஆகாது, தொடைச்ச எடம் தனியாத் தெரியும். கூரைக்கு சுத்த வெள்ளை, சுவத்துக்கு வெளிர் மஞ்சள் போட்டோம். சின்ன ரூம்ல கலர் வெளிறி இருந்தா வெளிச்சம் திரும்பி வரும்.

ஒண்ணு மட்டும் முக்கியம், சுவத்துல ஓதம் இருந்தா, அதாவது கீழ்ப் பாகம் எப்பவும் ஜில்லுன்னு இருந்து உப்பு பூத்து நின்னா, பெயிண்ட்ட மறந்துடுங்க, முதல்ல தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க, பல சமயம் சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் குழாயோ சிங்க் வேஸ்ட் பைப்போ கசியும்.

லைட்டுக்கு வரேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இதுதான். பழைய ட்யூப் லைட் 40 வாட்ஸ், சோக்குக்கு தனியா கரண்ட் போகும். அத எடுத்துட்டு 20 வாட்ஸ் எல்.இ.டி பேட்டன் லைட் (ட்யூப் மாதிரி நீளமா இருக்குறது) போட்டோம், வெளிச்சம் கொறையல. ஆனா விஷயம் வாட்ஸ்ல இல்ல, எடத்துலதான் இருக்கு. முதுகுப் பக்கம் இருந்த லைட்ட கூரைக்கு நடுவுல கொண்டு வந்தோம், அப்புறம் மேடைக்கு மேல இருக்குற சிமெண்ட் ஷெல்ஃபோட அடிப்பக்கம், முன் ஓரத்துல, ரெண்டு சின்ன எல்.இ.டி பேட்டன் லைட் வச்சோம், ஒண்ணு வெட்டுற எடத்துக்கு, ஒண்ணு சிங்க்குக்கு. இப்ப வெளிச்சம் அம்மாவுக்கு முன்னாடிலேர்ந்து கைமேல விழுது, நிழல் பின்னாடி போயிருச்சு. கீரை ஆயறப்ப புழுவு கண்ணுக்குத் தெரியுதுன்னாங்க, எனக்கு அது பெரிய விஷயமாப் பட்டுச்சு, இத்தன வருஷம் எத்தன தடவ கண்ண இடுக்கிட்டு ஆஞ்சிருப்பாங்க. லைட் வாங்குறப்ப டப்பால 4000கே, 6500கேன்னு போட்டிருக்கும், 6500 பளிச்சுன்னு நீலம் கலந்த வெள்ளை, 3000 மஞ்சள், நடுவுல 4000தான் அடுப்படிக்கு நல்லாருக்கு, காய்கறியோட கலரு மாறாமத் தெரியும். ஷெல்ஃபுக்கு அடில வைக்கிறது அடுப்புக்கு நேர் மேல வராம பாத்துக்கங்க, ஆவியும் சூடும் பட்டு சீக்கிரம் போயிரும்.

வயரிங்க மட்டும் நீங்களே பண்ணாதீங்க, லைசென்ஸ் இருக்குற எலெக்ட்ரீஷியன கூப்பிடுங்க. அவர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது கலர் லைட் இல்ல, "அண்ணே, இங்க எர்த் சரியா வருதா?"ங்கறதுதான். பழைய வீட்ல மூணு துளை சாக்கெட் இருக்கும், பின்னாடி எர்த் வயரே இருக்காது, எங்க வீட்லயும் அதான் கதை. 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ் இழுக்கும், அத 6 ஆம்ப்ஸ் சாக்கெட்ல அடாப்டர் போட்டு மாட்டுறது தீக்கு வழி. அதனால மேடைக்கு மேல ஒரு 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டு, மிக்சி கிரைண்டருக்கு ரெண்டு சாக்கெட்டு, மெயின்ல, கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி, எல்லாம் ஐ.எஸ்.ஐ முத்திரை பாத்து வாங்குனோம். ஈரக் கையோட மிக்சிய தொடுற எடம் இது, ஆர்.சி.சி.பி.க்கு கொடுக்குற காச கணக்குப் பாக்காதீங்க. சுவத்துல காடி வெட்டுனா கூலியும் பூச்சு வேலையும் ஏறும், நாங்க சுவத்து மேலயே, வயர மூடுற கேசிங் பட்டி ஓட்டிட்டோம், சுவரோட கலர்லயே பெயிண்ட் அடிச்சதும் கண்ணுக்குத் தெரியல. சாக்கெட்ட சிங்க்குலேர்ந்து நல்லாத் தள்ளி வைங்க.

சிங்க்க மாத்துனது அடுத்த பெரிய நிம்மதி. 304 கிரேடு எவர்சில்வர், 24க்கு 18 இன்ச், 8 இன்ச் ஆழம். கடப்பாக்கல்ல ஏற்கெனவே இருந்த ஓட்டைய கொத்தனார் கொஞ்சம் அகலப்படுத்திக் கொடுத்தார், கடைக்குப் போறப்ப ஓட்டை அளவ அட்டைல வெட்டி எடுத்துட்டுப் போங்க, வாயால சொல்ற அளவு தப்பும். குழாய் அன்னப்பறவை கழுத்து மாதிரி வளைஞ்சு திரும்புறது, சுவத்துல பழைய குழாய் இருந்த எடத்துலயே மாட்டலாம், இட்லிப் பானை இப்ப அடில தாராளமா நிக்குது. சிங்க்குக்கு அடில பைப்ப நேரா சாக்கடைக்கு விட்ருப்பாங்க, பழைய வீட்ல ராத்திரி கரப்பான் வர்ற வழி அதான். பாட்டில் ட்ராப்னு ஒண்ணு மாட்டுங்க, அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், நாத்தமும் பூச்சியும் அதத் தாண்டி வராது, சாதம் அடைச்சாலும் அடிய மட்டும் கழட்டிக் கழுவிக்கலாம்.

கடப்பாக்கல் மேடைய எடுத்துட்டு கிரானைட் போடச் சொல்லி வந்தவங்க எல்லாரும் சொன்னாங்க. நாங்க எடுக்கல. கல்லு விரிசல் விடாம, ஆடாம இருந்தா அத ஏன் இடிக்கணும்? எங்க மேடைல அடுப்புக்கு வலது பக்கம் ஒரு எடம் உள்ளங்கை அளவுக்கு லேசா தேஞ்சு மழமழன்னு பளபளக்கும், பாட்டி அங்கதான் தேங்காய் உடைச்சு, பருப்பு மத்து வச்சு கடைவாங்க, அப்புறம் அம்மா. அது இருக்கட்டும்னு ரெண்டு பேருக்குமே தோணுச்சு. கடப்பாக்கல் சுண்ணாம்புக் கல் வகை, அதனால புளி, எலுமிச்சை, வினிகர், ஆசிட் எது பட்டாலும் அரிச்சு வெள்ளை வெள்ளையாத் திட்டு விழும், பாத்ரூம் கழுவுற ஆசிட்ட இங்க கொண்டு வராதீங்க. திட்ட எடுக்க, தண்ணில நனைச்சுத் தேய்க்கிற உப்புத்தாள் 120 நம்பர், அப்புறம் 220, அப்புறம் 400னு வரிசையா தேய்ச்சுக் கழுவி, ஒரு நாள் நல்லாக் காயவிட்டு, துணில ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் தொட்டு மெல்லிசா தடவித் தொடைச்சிருங்க, மழைல நனைஞ்ச மாதிரி கறுப்பு திரும்பி வரும். மாசத்துக்கு ஒரு தடவ எண்ணெய் தொட்டா போதும்.

மேடை உயரம்தான் எங்களுக்குப் பிரச்சனை, 30 இன்ச்தான். கைய மடக்கி நின்னா முழங்கைலேர்ந்து 4லேர்ந்து 6 இன்ச் கீழ மேடை இருந்தா முதுகு வலிக்காது, அம்மாவுக்கு இது ரெண்டு இன்ச் தாழ்வு. அதுக்குன்னு மேடைய உயர்த்துனா பல ஆயிரம். நாங்க புளியமரக் கட்டைல ரெண்டு இன்ச் கனத்துக்கு ஒரு பலகை இழைச்சு வாங்குனோம், வெட்டுறது பெசையறது எல்லாம் அது மேலதான், வேலை முடிஞ்சா கழுவி சுவத்துல சாய்ச்சு வச்சுருவாங்க.

அடுப்ப ஜன்னல் பக்கம் நகத்தலாம்னு நான் சொன்னதுக்கு அம்மா ஒத்துக்கல, அக்னி மூலைல கிழக்கப் பாத்து இருக்குறது அப்படியே இருக்கட்டும்னாங்க, சரின்னு விட்டுட்டேன், அடுப்புக்கு எட்டுற தூரத்துல அஞ்சறைப்பெட்டிக்கும் எண்ணெய்த் தூக்குக்கும் ஒரு சின்ன எவர்சில்வர் ஷெல்ஃப் அடிச்சுக் கொடுத்தேன், நாலு எட்டு நடை போச்சு.

கதவு விஷயத்துல நல்லா யோசிச்சுப் பண்ணுங்க, காசு கரையற எடம் இதுதான். மேடைக்கு அடில ஏற்கெனவே செங்கல் சுவரு தடுப்பும் கடப்பாத் தட்டும் இருந்தா உங்களுக்குப் பெட்டியே தேவையில்ல, முன்னாடி கதவு மட்டும் போதும். எம்.டி.எஃப், பார்ட்டிக்கிள் போர்டுன்னு மரத்தூள், மரநார அழுத்திச் செஞ்ச பலகை ரெண்டும் தண்ணி பட்டா பிஸ்கட் மாதிரி ஊறிரும், சிங்க்குக்கு அடில வைக்காதீங்க. பிளைவுட்னா ஐ.எஸ் 710 போட்டிருக்குற தண்ணி தாங்குற கிரேடு வேணும், விலை ஏறும், பழைய வீட்ல கரையான் பயமும் இருக்கு. நாங்க அலுமினியச் சட்டத்துல பி.வி.சி ஷீட் வச்ச கதவு போட்டோம், சதுர அடி 320 ரூபாய்னு 42 சதுர அடி. நேரா ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கே போனா கடை விலைய விடக் கம்மி. அதுக்கும் காசு இல்லேன்னா ஸ்பிரிங் வயர்ல காட்டன் ஸ்கிரீன், அடுப்புலேர்ந்து தள்ளி இருக்குற அறைக்கு மட்டும், துவைக்கவும் சுலபம். பூஜை சாமான் வைக்கிற அலமாரிக்கு மட்டும் தாத்தா காலத்து தேக்குக் கதவு இருந்துச்சு, அதுக்கு மேல மூணு கலர் எனாமல் அடிச்சு வச்சிருந்தாங்க, சுரண்டித் தேய்ச்சு வார்னிஷ் போட்டதும் இப்ப அந்த ரூம்லயே அழகான பொருள் அதான். பழைய மரக் கதவ எடைக்குப் போட்டுடாதீங்க.

சிலிண்டர் வைக்கிற அறைக்குக் கதவு போட்டா, கீழ ஓரத்துல காத்து போற மாதிரி ஓட்டையோ கிரில்லோ கட்டாயம் விடுங்க. கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா தரையோட தரையா தேங்கும், மூடுன அறைல தேங்குனா ஆபத்து. எங்க வீட்ல அந்த ஒரு அறைக்கு மட்டும் கதவுக்குப் பதிலா முழுக்க ஓட்டை வச்ச ஜாலி போட்டோம். அடுப்பு எப்பவும் சிலிண்டர விட உயரத்துல இருக்கணும், ரப்பர் ட்யூப்ப 5 வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், ட்யூப் மேல தேதி அச்சடிச்சிருக்கும், இந்த வேலை நடக்குறப்பவே எடுத்துப் பாத்துருங்க. எங்களோடது காலாவதியாகி ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு.

தரை மொசைக், அத மிஷின் வச்சு பாலிஷ் போட்டோம், 3,000 ரூபாய், உள்ள இருந்த சிவப்பும் பச்சையும் கல்லுச் சில்லு எல்லாம் முழிச்சுக்கிச்சு. பாலிஷ் போடறப்ப சேறு மாதிரி தண்ணி தெறிக்கும், அதனால கதவு மாட்டுறதுக்கும் கடைசிக் கோட்டு பெயிண்ட்டுக்கும் முன்னாடியே இத முடிச்சுருங்க.

சிம்னி வாங்கல, எக்ஸாஸ்ட் ஃபேன் 12 இன்ச் ஒண்ணு, அடுப்புக்கு மேல இருந்த பழைய வென்டிலேட்டர்ல வச்சோம். ஃபேன் ஓடுறப்ப எதிர்ப்பக்கம் ஜன்னலோ கதவோ கொஞ்சம் தெறந்திருக்கணும், உள்ள காத்து வந்தாத்தான் புகை வெளிய போகும். தாளிக்கிறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே போட்டு, சமைச்சு முடிச்சும் பத்து நிமிஷம் ஓடட்டும். மாசம் ஒரு தடவ சுவிட்ச்ச ஆஃப் பண்ணி, பிளக்க பிடுங்கிட்டு எறக்கையத் தொடைங்க, இல்லேன்னா பிசுக்கு சேந்து மெதுவாயிரும்.

வேலை வரிசை மாறிட்டா ரெட்டைச் செலவு. ஒழிச்சுக் கழுவுறது, அப்புறம் கரண்ட் வேலையும் குழாய் வேலையும், அப்புறம் சிங்க், டைல்ஸ், அப்புறம் தரை பாலிஷ், அப்புறம் பெயிண்ட், கடைசியா கதவு. ஐப்பசி கார்த்திகை மழைல பெயிண்ட் வேலைய வச்சுக்காதீங்க, சுவரு காயவே காயாது. மார்கழிக் கடைசிலயும் வேணாம், பொங்கலுக்கு ஊரே வெள்ளையடிக்கும், ஆள் கெடைக்காது, கெடைச்சாலும் அவசரமா அடிச்சுட்டுப் போய்டுவாங்க. நாங்க மாசி மாசத்துல பண்ணுனோம். அந்த நாள்ல சமையல் ஹால்ல, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குக்கர், ஒரு வாணலி, கழுவுறது கொல்லைக் குழாய்ல.

கணக்கு: கரண்ட் வேலை லைட்டோட 8,200, சிங்க், குழாய், ட்ராப், கூலி சேத்து 6,600, டைல்ஸும் க்ரவுட்டும் 4,300, பெயிண்ட்டும் பெயிண்டரும் 6,800, கதவு 13,440, எக்ஸாஸ்ட் 2,100, தரை 3,000. மொத்தம் 44,440. புளியமரப் பலகைக்கு மரப்பட்டறைல அண்ணன் காசு வாங்கல. சுரண்டுறது, கழுவுறது, க்ரவுட் நெரப்புறது எல்லாம் நாங்களே பண்ணுனதால இந்தக் கணக்கு, ஆள் வச்சா இன்னும் ஒரு பத்தாயிரம் சேத்துக்கங்க, ஊருக்கு ஊர் கூலியும் மாறும்.

பரணுக்கு மட்டும் இன்னும் கதவு போடல. அளவு எடுத்து அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் பென்சில்ல எழுதி வச்சிருக்கேன், அடுத்த மாசிக்கு அத முடிக்கணும்.